ஒரே பதிவு, மூன்று இயர்போன்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் சுகமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். வீட்டுக்கு அனுப்பாமல் நீ வேலை பார்க்கும் பல் கிளினிக்குக்கு ஏன் கூரியர் அனுப்பினாள் என்று பதறாதே. வரவேற்பு மேசையில் வைத்துப் படிக்காதே, ஆள் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்குவதுதான் உன் வழக்கம். உன் வீட்டுக்காரர் நடுவில் புகுந்து என்னைக் கேலி செய்வார். இந்த விஷயம் இப்போதைக்கு அவர் காதில் விழக் கூடாது. நல்ல மனிதர்தான், ஆனால் மனசில் இருப்பதெல்லாம் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்.

என் குட்டியைப் பற்றியது. உயிரோடுதான் இருக்கிறாள், முதலில் மூச்சை விடு. எனக்குத்தான் முந்தாநாளிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் நீ நம்புவாய். நானே இன்னும் முழுதாக நம்பவில்லை.

ஸ்கேன் சென்டரில் என் வேலை உனக்குத் தெரியும். டாக்டர்கள் படத்தைப் பார்த்து, வாயால் சொல்லிப் பதிவு செய்துவிட்டுப் போவார்கள். நாங்கள் மூன்று பெண்கள் அதைக் காதில் கேட்டு ரிப்போர்ட்டாக டைப் செய்வோம். ஒருவர் பாதிச் சொல்லை மென்று விழுங்குவார், ஒருவர் பிஸ்கட்டையே மென்றுகொண்டு பேசுவார். ஆபீஸ் கொடுத்த பெரிய ஹெட்செட்டுகள் பஞ்சு உதிர்ந்து, ஒரு பக்கம் செத்துப் போய்விட்டன. புதிது கேட்டால் மேனேஜர், காதுக்குள் சொருகும் சின்ன இயர்போனாக மலிவில் நீங்களே பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். எது நல்லது என்று யார் கண்டது? காதில் போட்டதைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். அதனால் ஆளுக்கொரு கம்பெனியாக வாங்கி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்து மூவரும் மாற்றிப் பார்ப்பது, எது ஜெயிக்கிறதோ அதையே எல்லோரும் வாங்குவது என்று முடிவு செய்தோம்.

பக்கத்து மேசைக்காரி ஒரு விதி போட்டாள். மூக்கு நுனியில் கண்ணாடியும் கையில் பென்சிலுமாக இருப்பதால் அவளை நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். மூன்றிலும் ஒரே பதிவைத்தான் கேட்க வேண்டும், ஒன்றில் ஒரு பாட்டு, இன்னொன்றில் வேறு பாட்டு என்று கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொன்னால் அது வெறும் வம்பளப்பு என்றாள். நியாயம்தானே. எனக்குப் பாட்டு ஞானம் கிடையாது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த குரல் ஒன்றுதான். குட்டி வாராவாரம் அனுப்பும் வாய்ஸ் மெசேஜில் கடைசியாக வந்ததை எடுத்துக்கொண்டேன். நல்லா இருக்கேன்மா, வேலையை விட்டதுல இருந்து நிம்மதியா இருக்கு, அவர் என்னை நல்லா பாத்துக்கிறார் என்று பேசுவாள். நடுவில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகவே போனை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, பாத்திரம் தேய்த்துக்கொண்டே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

முதலாவது கறுப்பு. போட்டதும் டம்மென்று காதுக்குள் அடித்தது. எல்லாம் அடித்தொண்டைதான், குட்டி குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருந்தது. பாட்டுக் கேட்கிறவர்களுக்கு இனிக்குமோ என்னவோ, சொல்லைப் பிரித்து எழுத வேண்டியவளுக்கு உதவாது. கனமும் அதிகம், மதியத்துக்குள் காது கன்றிவிட்டது.

இரண்டாவது வெள்ளை. ரப்பர் இல்லாத மொழுக்கென்ற பிளாஸ்டிக். சத்தம் கணீரென்று இருந்தது, ஆனால் கொஞ்சம் அதிகக் கணீர், 'ஸ்' வரும் இடமெல்லாம் ஊசி குத்தியது. காதிலும் நிற்கவில்லை, தலையைத் திருப்பினால் வலது பக்கம் மடியில் விழுந்தது. ஏசி இரைச்சல், பிரிண்டர், டீச்சரின் இருமல் எல்லாம் தாராளமாக உள்ளே வந்தன. ஒன்று மட்டும் கவனித்தேன். குட்டியின் குரல் மூக்கடைத்துக் கேட்டது. சளி பிடித்திருக்கிறது, ஆவி பிடிக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சளி என்று நினைத்தேன் பார், நானெல்லாம் ஒரு தாய்.

மூன்றாவது சாம்பல் நிறம், டீச்சர் வாங்கியது. காதுக்குள் போகிற ரப்பர் மட்டும் சின்னது, நடுத்தரம், பெரியது என்று தனித்தனியாகக் கொடுத்திருந்தார்கள். முதலில் அதுவும் எனக்கு நிற்கவில்லை, சத்தமும் தகரத்தில் தட்டினாற்போல் இருந்தது. டீச்சர் என் காதை இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துவிட்டு, உங்கள் காது இரண்டும் ஒரே அளவில்லை என்று கண்டுபிடித்தாள். இடதுக்குச் சின்ன ரப்பர், வலதுக்கு நடுத்தரம். காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, லேசாக முறுக்கி உள்ளே விட்டாள். அவ்வளவுதான், அறையில் இருந்த சத்தம் அத்தனையும் நின்றுவிட்டது. நான் எச்சில் விழுங்கியது எனக்கே கேட்டது. வயர் துணியில் உரசினால்கூடச் சரசரவென்றது. பிறகு மெசேஜைப் போட்டேன்.

நிம்மதியா இருக்கு என்று அவள் சொன்ன பிறகு ஒரு சின்ன இடைவெளி உண்டு. மூச்சு வாங்குகிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்த இடத்தில் ஓர் ஆணின் குரல், போனுக்குத் தள்ளி, மெதுவாகச் சொல்கிறது:

"சிரிச்சுக்கிட்டே சொல்லு."

அதற்குப் பிறகுதான் குட்டி சிரிக்கிறாள்.

எங்கள் தொழிலில் காதுக்கும் விரலுக்கும் நடுவே மூளைக்கு வேலையில்லை. கேட்டதை விரல் தட்டிவிடும். திரையில் திறந்திருந்த யாரோ ஒருவருடைய முழங்கால் ரிப்போர்ட்டின் நடுவில் அந்த இரண்டு சொல்லும் நின்றன. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒரு சொல் சந்தேகமாக இருந்தால் நாங்கள் ஊகித்து எழுதக் கூடாது. அந்த இடத்தைக் காலியாக விட்டு, நமக்கு என்ன கேட்டது என்று சொல்லாமல் இன்னொருத்தியைக் கேட்கச் சொல்ல வேண்டும். இருவர் காதிலும் ஒன்றே விழுந்தால்தான் அது ரிப்போர்ட்டில் ஏறும். நான் அடித்ததை அழித்துவிட்டு டீச்சரிடம் கொடுத்தேன். அவளுக்கு வேறு ஏதாவது கேட்க வேண்டுமே என்று வேண்டாத தெய்வமில்லை. கேட்டாள், பின்னால் தள்ளி மறுபடியும் கேட்டாள். பென்சிலால் எழுதி, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். அதே இரண்டு சொல்தான். யாரு அக்கா இது என்றாள். என் பெண் என்றேன். அந்த ஆம்பளை யாருன்னு கேட்டேன் என்றாள்.

பழைய மெசேஜ்களையும் அந்தச் சாம்பல் இயர்போனிலேயே ஒவ்வொன்றாகக் கேட்டேன். பலவற்றில் ஒன்றும் இல்லை. ஒன்றின் கடைசியில், வச்சுடறேன்மா என்று அவள் சொன்ன பிறகு, "போதும், போனைக் குடு" என்று வருகிறது. வேலையை விட்ட செய்தியை அவள் சொன்ன மெசேஜில் எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போல, காகிதம் புரளும் சத்தம் மாதிரி ஒன்று கேட்கிறது. அது காகிதம்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், அது ஊகம். மற்றது ஊகம் இல்லை.

அந்தக் குரலுக்குரியவனை மாப்பிள்ளை என்று எழுத வந்த கை நின்றுவிட்டது. இனி வெறும் அவன்தான். தேடிப் பிடித்தவளே நான்தானே. தங்கமான பையன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன தடவை நான் உங்கள் ஊருக்கு வந்து அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது லீவு போட்டுவிட்டு எங்களோடேயே இருந்தான். துணி காயப்போட அவள் மாடிக்குப் போனாலும் கூடவே போனான். என்ன பாசம், என்ன பாசம் என்று பூரித்துப் போய் ஊர் திரும்பினேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஜென்மம் நான்.

உடனே வண்டியேறி வந்து அவன் சட்டையைப் பிடிக்கத்தான் முதலில் தோன்றியது. பையைக்கூடக் கட்டிவிட்டேன். டீச்சர்தான் தடுத்தாள். நீங்கள் போய் நின்றால் அவன் காபி போட்டுக் கொடுப்பான், அவள் சிரித்துக்கொண்டே நல்லா இருக்கேன் என்பாள், நீங்கள் திரும்பிய பிறகு அவள் பாடு என்ன என்று கேட்டாள். போலீஸே வந்து கேட்டாலும், அவன் பக்கத்தில் நிற்கும்வரை அவள் அதைத்தான் சொல்வாள். முதலில் அவள் அந்தக் கதவுக்கு வெளியே வர வேண்டும். அவளாக விரும்பி வர வேண்டும்.

இனிமேல் எழுதுவதை நிதானமாகப் படி. பார்சலில் ஒரு புதுச் சாம்பல் இயர்போனும் குட்டிக்கு ஒரு கடிதமும் இருக்கின்றன. கடிதத்தை நான் ஒட்டவில்லை. அவன் படிக்கத்தான் போகிறான், நன்றாகப் படிக்கட்டும். சனிக்கிழமை நீ குட்டி வீட்டுக்குப் போ. அக்கா ஆசையாக வாங்கி அனுப்பினாள் என்று சொல்லி, அவன் எதிரிலேயே குட்டியின் காதில் நீயே மாட்டிவிடு. இடதுக்குச் சின்ன ரப்பர், அவளுக்கு என் காதுதான். நன்றாக அடைகிற வரைக்கும் விடாதே. அடைத்துவிட்டால் உள்ளே ஓடுவது பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காது; நானும் டீச்சரும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து சோதித்துவிட்டோம். சத்தம் எப்படி இருக்கிறது பார் என்று உன் போனில் பாட்டுப் போடுவது போல, நான் பேசி அனுப்பும் பதிவைப் போடு. வயர் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார். பழக்க தோஷத்தில் ஸ்பீக்கரைத் தட்டித் தொலைக்காதே, உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

அதில் நான் சொல்லியிருப்பது கொஞ்சம்தான். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, உன்மேல் ஒரு தப்பும் இல்லை, வர வேண்டும் என்று இருந்தால், காதுல சரியா உக்காரலை சித்தி என்று மட்டும் சொல் என்றிருக்கிறேன். அவள் அப்படிச் சொன்னால், கடையில் கொடுத்து மாற்றிவிடலாம் வா என்று கையோடு கூட்டிக்கொண்டு கிளம்பு. அவனும் வருகிறேன் என்றால் வரட்டும். கடைத்தெருவில் ஜனம் இருக்கும், நீ நேராகக் கிளினிக்குக்குள் நுழைந்துவிடு. பல்வலிக்காரர்களோடு பெஞ்சில் நானும் டீச்சரும் உட்கார்ந்திருப்போம். உன் டாக்டரம்மாவிடம் மட்டும் முன்னாலேயே சொல்லி வை. நல்லா இருக்கு என்று குட்டி சொல்லிவிட்டால் வற்புறுத்தாதே, முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுந்து வந்துவிடு. அடுத்து என்ன என்று சேர்ந்து யோசிப்போம்.

அந்தப் பதிவை எப்படித் தொடங்குவது என்றுதான் திண்டாடிப் போனேன். என் குரலைக் கேட்டு அவள் முகம் மாறினால் அவனுக்குத் தெரிந்துவிடும். வேறு வழி தெரியாமல், சிரிச்சுக்கிட்டே கேளு கண்ணு என்றுதான் தொடங்கியிருக்கிறேன். அவன் வாயில் வந்ததை என் வாயாலும் சொல்ல வைத்துவிட்டான், பாவி. பலமுறை அழித்துவிட்டுப் பேசினேன்.

நீ தைரியசாலி. சின்ன வயதில் எனக்காகவும் சேர்த்துச் சண்டை போட்டவள். இதையும் செய்து கொடுத்துவிடு.

உன்னையே நம்பியிருக்கும்,
அக்கா


அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று உன் மெசேஜைக் கேட்டே தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளைக்கு வேலை அதிகம் என்றாயே, நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் விசாரித்ததாகச் சொல்.

எங்கள் ஆபீசில் இயர்போனுக்கு ஒரு பெரிய போட்டியே நடந்தது. கறுப்பு, வெள்ளை, சாம்பல் என்று மூன்றையும் போட்டுப் பார்த்ததில் சாம்பல்தான் ஜெயித்தது. அதில்தான் பேச்சு தெளிவாக இருக்கிறது, காதிலும் நிற்கிறது. உனக்கும் ஒன்று சித்தியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். விலை ஒன்றும் பெரிதில்லை, மலிவுச் சரக்கைக் கொடுத்துவிட்டாளே என்று மாப்பிள்ளை நினைக்கக் கூடாது. சித்தியே மாட்டிவிடட்டும், நீ அவசரப்பட்டு இழுக்காதே. ஒரு பாட்டை முழுதாகக் கேட்டுப் பார்.

சரியாக உட்கார்ந்தால் சந்தோஷம். உட்காரவில்லை என்றால் கூச்சப்படாமல் சித்தியிடம் சொல்லிவிடு. அம்மா தேடிப் பார்த்து வாங்கியதாயிற்றே, வேண்டாம் என்றால் அவள் மனசு கஷ்டப்படுமே என்று பொறுத்துக்கொள்ளாதே. போகப் போகப் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. பழகாது, புண்தான் ஆகும். பொருந்தாததை வாங்கியது என் தப்பு, அதில் உன் காதின் தப்பு என்ன இருக்கிறது? வலித்தால் கழற்றிவிடு, தங்கமே. அம்மா ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

என்றும் உன்,
அம்மா