கணக்கில் சேராத அடி

எர்லாங்கன்
11.08.2024

அன்புள்ள நிருஷாவுக்கு,

கடிதம் எழுதினால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று மாமா, உம்முடைய அப்பா, சொல்லித் தந்தவர். அகதிகள் விடுதியான ஹைமில் எங்கள் இரண்டு பேரையும் ஒரே மர வாங்கில் இருத்தித் தமிழ் படிப்பித்த காலத்தில். ஆகவே கேட்கிறேன். சுகமாக இருக்கிறீரா? முழங்கால் நோ எப்படி?

போன் எடுத்திருக்கலாம். எடுத்தால் கொஞ்ச நேரத்தில் உம்முடைய குரல் உயரும், பிறகு என்னுடையதும் உயரும். பிரிந்து இருக்கத் தொடங்கிய பிறகு நாங்கள் ஒழுங்காகக் கதைத்து முடித்த போன் ஒன்றுகூட இல்லை. வக்கீல் மூலம் சொல்வித்தால் அவர் அதற்கும் ஒரு கோப்பு இலக்கம் போட்டு அனுப்புவார். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பேர்லினில் எங்கள் பேஸ்போல் மைதானத்தை மூடப் போகிறார்களாம். எங்கள் கூட்டாளி அபிஷன் அங்கே வேலைக்குப் போகிற வழியில் அறிவித்தலைப் படம் எடுத்து அனுப்பினான். புதுப் பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள். செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஆட்டம்.

படத்தைப் பார்த்ததிலிருந்து வேலையில் மனம் நிற்கவில்லை. பச்சை வாங்குகள், பின்னால் அந்தக் கம்பி வலை, அமெரிக்கப் படைக்காரரின் பெண்சாதிமார் வெயிலுக்குக் கால் நீட்டிக்கொண்டு இருந்தது. மாமா தேர்மோஸில் தேத்தண்ணியும் டிஷ்யூத் தாளில் சுத்தின கடலை வடையும் கொண்டுவருவார். நான் சித்தப்பாவோடு ஹைமில் இருந்த பெடியன். சித்தப்பா ஞாயிறுகளில் படுத்துக் கிடப்பார். மாமா கதவைத் தட்டி, "தம்பி, மச் பாக்க வாறியோ" என்று கேட்பார். என்னுடைய சொந்த அப்பாகூட என்னை அப்படி எங்கேயும் கூப்பிட்டதில்லை.

பந்து மட்டையில் பட்டுப் பின்பக்கமாகவோ கோட்டுக்கு வெளியேயோ பறந்தால் மாமா எழும்பி நின்று கை தட்டுவாரே, ஞாபகமா? யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் விளையாடின மனுஷன். கிரிக்கெட்டில் பின்னால் அடித்தாலும் ஓட்டம்தான். "நாலு!" என்று கத்துவார். பேஸ்போலில் அது ஃபவுல், ஒன்றுக்கும் உதவாத அடி என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது.

இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

இப்படிக்கு,
ரஜிதன்


பேர்லின், நொய்கெல்ன்
19.08.2024

அன்புள்ள ரஜிதனுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்பெட்டியில் கண்டவுடன் வக்கீலின் கடுதாசி என்று நினைத்து இரண்டு நாள் உடைக்காமல் வைத்திருந்தேன். சுகம்தான். முழங்கால் நோகுது. கிண்டர்கார்ட்டனில் நாள் முழுக்கக் குனிந்து சப்பாத்து நாடா கட்டிவிடுகிறவளுக்கு நோகாமல் என்ன செய்யும்.

உங்களுக்கு எப்போதும் பாதிதான் ஞாபகம் இருக்கும். கடலை வடை கொண்டுவந்தது அப்பா இல்லை, அம்மா பொரித்துத் தந்தது. நீங்கள் என்னுடைய பங்கையும் சாப்பிட்டுவிட்டு, காகம் கொண்டு போயிட்டுது என்று சொன்னதையும் எழுதியிருக்கலாம். பேர்லினில் எந்தக் காகம் வடை தின்றது? சின்னனில் உங்களை "டேய், போடா" என்று சொல்லித் திரிந்தவள் நான். கலியாணத்துக்குப் பிறகுதான் அம்மா என்னை "நீங்கள்" சொல்லப் பழக்கினா. சில நேரம் நினைக்கிறேன், அந்த "டேய்" இருந்திருந்தால் உங்களை நேருக்கு நேர் ஏசியிருப்பேன் என்று.

இன்னொன்று. அப்பாவுக்குத் தெரியும். முதல் வருடமே தெரியும். அந்தத் தடித்த சார்ஜன்ட் பக்கத்தில் வந்து இருந்து, கையால் கோடு கீறிக் காட்டி விளங்கப்படுத்தினவர். அப்பா ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, அடுத்த பந்து பின்னால் போனதும் எழும்பிக் கை தட்டினார். வீட்டுக்கு வரும்போது நான் வெட்கத்தில் அழுதேன். அப்போது சொன்னார்: "அவங்கள் கணக்கில எடுக்காட்டி என்ன பிள்ளை, நல்ல அடிதானே." கடைசியில் அந்தப் பெண்டுகளும் அவரோடு சேர்ந்து தட்டத் தொடங்கினார்கள். அமெரிக்கர் போய் ஜெர்மன் பெடியள் விளையாட வந்த பிறகும் அவர்தான் தட்டினார்.

படுக்கையில் கிடந்த கடைசிக் கிழமைகளில் அப்பா அந்த மைதானத்தைப் பற்றியேதான் கதைத்தவர். என்னோடு கதைத்தவர். உங்களோடு கதைக்கத்தான் ஆசைப்பட்டவர். அதை நான் இதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன்.

நவம்பர் டெர்மினுக்கு, அந்த விவாகரத்துத் தவணைக்கு, உங்களுக்கும் கடிதம் வந்திருக்கும். கோர்ட்டில் அரை மணித்தியாலம்கூட எடுக்காது என்று வக்கீல் சொல்கிறார்.

நிருஷா


எர்லாங்கன்
26.08.2024

அன்புள்ள நிருஷாவுக்கு,

காகத்தைப் பற்றி நீர் எழுதினது உண்மை. மன்னிக்க வேண்டும்.

மாமாவுக்குத் தெரியும் என்ற செய்தி எனக்குப் புதிது. சைக்கிளில் வேலைக்குப் போகும்போது அதையே யோசித்துச் சிவப்பு விளக்கில் நிற்காமல் போய் ஒருவனிடம் பேச்சு வாங்கினேன்.

நீர் எழுதாமல் விட்டதை நானே எழுதுகிறேன். மாமா போன் எடுத்து, "ஞாயிறு வாறியோ தம்பி" என்று கேட்டவர். குரல் மெலிந்து கிடந்தது. அடுத்த ஞாயிறு வாறன் மாமா என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் அதையேதான் சொன்னேன். ஒரு மெஷின் வேலை முடியவேண்டி இருந்தது. அந்த மெஷின் இப்போது எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நான் வந்து சேர்ந்தபோது மாமா இல்லை.

ஆனால் நிருஷா, செத்தவீட்டன்று நான் வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றேன். மாமாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. மருமகன் நான்தான் கொள்ளிக்குடம் தூக்குவது என்று ஐயரும் சொல்லி வைத்திருந்தார். எல்லாருக்கும் முன்னால் நீர் சொன்னீர்: "அசோகன் அண்ணை செய்யட்டும்." உம்முடைய பெரியப்பாவின் மகன் குடத்தைத் தூக்கினார், நான் கடைசி வரிசையில் கோட் சூட் போட்டவர்களோடு நின்றேன். என்னை மச்சுக்குக் கூட்டிக்கொண்டு போன மனுஷனுக்கு நான் செய்ய இருந்தது அது ஒன்றுதான். நான் வீட்டை விட்டுப் போனதற்கு வேலை, தூரம் என்று ஊருக்கு ஆயிரம் காரணம் சொன்னோம். எனக்கு அது ஒன்றுதான் காரணம்.

பதிலுக்குக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. ஒன்று கேட்கத்தான். மாமாவுக்கு நாலு மணிக்கு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிற வேலை. அதனால் எந்த ஆட்டத்தையும் நாங்கள் முடிவு வரைக்கும் பார்த்ததில்லை, பாதியில் எழும்பி பஸ்ஸுக்கு ஓடுவோம். அந்தக் கடைசி ஆட்டத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போவோமா? அவருடைய இடத்தில் இருந்து முடிவு வரைக்கும் பார்ப்போம். அதற்குப் பிறகு நவம்பர் டெர்மின் வேண்டுமா என்று யோசிப்போம். எனக்கு வேண்டாம் என்று இருக்கிறது.

உம்முடைய,
ரஜிதன்


பேர்லின்
05.09.2024

அன்புள்ள ரஜிதனுக்கு,

வாருங்கள்.

அன்றைக்கு அந்தச் சொல் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. கோபம். ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவுக்குச் சவரம் செய்து, வெளுத்த சேட்டுப் போட்டுவிட்டு இருத்தி வைத்தேன். ரஜி வாறான் என்று. பின்னேரம் அந்தச் சேட்டைக் கழற்றினதும் நான்தான். அந்தக் கோபத்தில் சொன்னேன். நீங்கள் வேட்டியோடு பின்னுக்குப் போனதைப் பார்த்த அந்த நிமிஷமே கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. இரண்டு வருடமாக அதுதான் எனக்குள்ளே கிடந்து அரிக்கிறது.

ஒரு மணிக்கு ஆட்டம். பஸ் தரிப்புப் பக்கத்து வாசலில் பன்னிரண்டரைக்கு நிற்பேன். பிந்தி வராதீங்கோ. வடை சுடுகிறேன். காகத்துக்கும் சேர்த்து.

உங்கள்,
நிருஷா


எர்லாங்கன்
12.09.2024

அன்புள்ள நிருஷாவுக்கு,

டிக்கெட் எடுத்தாயிற்று. முதல் நாள் சனிக்கிழமையே வந்து அபிஷன் வீட்டில் தங்குகிறேன். பிந்தமாட்டேன். இந்த முறை பிந்தமாட்டேன்.

உம்முடைய,
ரஜிதன்


பேர்லின்
30.09.2024

அன்புள்ள ரஜிதனுக்கு,

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கோபப்படவில்லை.

முழங்கால் மோசமாக இருந்ததால் அசோகன் அண்ணையின் டாக்ஸியில்தான் போனேன். இறக்கிவிட்டுப் போங்கோ என்றுதான் சொன்னேன். பன்னிரண்டரை ஆயிற்று, உங்களைக் காணவில்லை. "தனியா விட்டுட்டுப் போகேலாது. அவன் வந்தவுடன நான் எழும்பிப் போறன்" என்றார். ஒரு மணி வரைக்கும் வாசலில் நின்றோம். பிறகு உள்ளே போய் அப்பாவின் வாங்கில் இருந்தோம். உங்களுக்கென்று பக்கத்தில் என்னுடைய ஜாக்கெட்டைப் போட்டு வைத்தேன். சனம் கூடக்கூட ஒரு அம்மா இடம் கேட்டா. ஜாக்கெட்டை எடுத்துவிட்டேன். பாவம், வயது போனவ.

வாங்குகளின் பச்சைப் பெயின்ட் எல்லாம் உரிந்துவிட்டது. வலை மட்டும் புதிது. எனக்கு ஆட்டம் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. வழக்கம்போல வரவில்லை, வழக்கம்போல வரவில்லை என்று அதுவே ஓடிக்கொண்டிருந்தது. அசோகன் அண்ணை வடை சாப்பிட்டுக்கொண்டு, "என்ன விளையாட்டடி இது" என்று கேட்டார்.

நாலு மணியை நெருங்கியபோது ஒரு பெடியன் அடித்த பந்து வலைக்கு மேலால் பின்னுக்குப் பறந்தது. வெறும் ஃபவுல். சனம் பேசாமல் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒரே ஒரு ஆள் எழும்பி நின்று கை தட்டினார்.

வெயில் முகத்தில் அடித்ததால் ஆளைத் தெரியவில்லை, நரை விழுந்த தலை மட்டும் தெரிந்தது. ஆனால் அந்த அடிக்குக் கை தட்ட உலகத்தில் இனி ஒரு ஆள்தானே இருக்கிறார். எழும்பினேன். முழங்கால் விட்டுப் போயிற்று, அசோகன் அண்ணையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து பார்த்தபோது நீங்கள் படியால் இறங்கி வாசல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தீர்கள். அவ்வளவு தூரத்துக்குக் கூப்பிட என்னால் ஏலவில்லை. கை தட்டினேன். பந்து எறிகிறவன் எறியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை.

அது அப்பாவுக்காகத் தட்டினது இல்லை. உங்களுக்குத்தான்.

பிறகு முடிவு வரைக்கும் இருந்தேன். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பக்கத்துப் பெடியளும் வரிசையாக வந்து ஒவ்வொருவர் கையிலும் கை அடித்துக்கொண்டு போகிறார்கள். வென்றவனும் தோற்றவனும். எத்தனையோ ஞாயிறு போயும் நாங்கள் அதை ஒருநாளும் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் தட்டினது உங்களுக்குக் கேட்டதா? கேட்கவில்லை என்றால், போய்விட்டீர்கள், அவ்வளவுதான், அதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. நாளைக்கே வக்கீலுக்குச் சொல்லி டெர்மினைத் தள்ளி வைக்கிறேன். நான் எர்லாங்கனுக்கு வாறன்.

உங்கள்,
நிருஷா


எர்லாங்கன்
10.10.2024

அன்புள்ள நிருஷாவுக்கு,

கேட்கவில்லை என்று எழுதினால் போதும், நீர் வந்துவிடுவீர். மூன்று தாளில் அப்படித்தான் எழுதிக் கிழித்தேன்.

நான் பிந்தவில்லை. பன்னிரண்டு மணிக்கே பஸ் தரிப்பில் நின்றேன். டாக்ஸி வந்தது. அசோகன் அண்ணை இறங்கிக் கதவைத் திறந்து, உம்முடைய கையைப் பிடித்து இறக்கினார். மாமாவின் தேர்மோஸ் அவருடைய மற்றக் கையில் இருந்தது. எனக்குக் கால் எழும்பவில்லை. திரும்பவும் அந்தச் செத்தவீட்டு வரிசையில் நிற்கிறது போல இருந்தது. அவர் போகட்டும், பிறகு போவோம் என்று தரிப்புக் கூரைக்குப் பின்னால் மறைந்து நின்றேன். அவர் நான் வரட்டும் என்று நின்றிருக்கிறார். பாவம், அந்த மனுஷனில் ஒரு பிழையும் இல்லை. பிறகு மற்ற வாசலால் போய் உங்களுக்கு எதிரே இருந்தேன். ஜாக்கெட்டை விரித்ததையும் பார்த்தேன், எடுத்ததையும் பார்த்தேன். ஆருக்கு விரித்தது என்றும் எனக்குத் தெரியும். எழும்பி நடந்திருந்தால் ஐந்து நிமிஷம்.

பந்து பின்னால் போனபோது என்னை அறியாமல் எழும்பிவிட்டேன். பிறகு வெட்கமாகிப் போயிற்று. வெளியே வந்துவிட்டேன்.

கேட்டது, நிருஷா. தரிப்பில் நின்றபோது வடிவாகக் கேட்டது. அது நீர்தான் என்றும், எனக்குத்தான் என்றும் தெரிந்தது. பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

மாமா போனில் கூப்பிட்டபோதும் எனக்குக் கேட்டதுதானே. அந்தக் குரலில் இருந்தது என்ன என்று விளங்கியும்தான் அடுத்த ஞாயிறு என்றேன். நான் காது கேளாதவன் இல்லை. கேட்டுக்கொண்டே பஸ்ஸில் ஏறுகிறவன். அப்படிப்பட்டவனுக்காக நீர் இனியும் ஒவ்வொரு ஞாயிறும் வெளுத்த சேட்டு எடுத்து வைத்துக்கொண்டு இருக்க வேண்டாம். ஒரு பொய்யைச் சொல்லி உம்மை இங்கே கூப்பிட்டால், அடுத்த முறையும் இதுதான் நடக்கும். டெர்மினைத் தள்ளி வைக்க வேண்டாம். நான் வருவேன். அதற்காவது வருவேன்.

முழங்காலைக் கவனியும். குனிகிற வேலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பாரும். வடை எனக்கும் வைத்திருந்தீர் என்று தெரியும்.

டிரைவர் கதவைச் சாத்தும்வரைக்கும் நீர் தட்டிக்கொண்டுதான் இருந்தீர்.

ரஜிதன்