நிடாவ் கால்வாயில் கரியடுப்பு

2024 நவம்பர் 9, சனி

இன்றும் நான்தான் முதலில் எழும்பினேன். அடுப்பு அணைந்து கிடந்தது. சாம்பல் தட்டை இழுத்துக் கொட்டிவிட்டு, சிராய்களை அடுக்கிக் கொளுத்தி, அது நன்றாகப் பிடித்தபிறகு கரிக்கட்டிகளை வைத்தேன். கோட்டைப் போட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தேன். படகுக்குள்ளேயே மூச்சு வெள்ளையாக வருகிறது. இரும்பு சூடேற ஒரு மணித்தியாலம். அதற்குள் வேலைக்குப் போகும் நேரம் வந்துவிடும்.

என்னவர் லக்ஷ்மணன் போர்வைக்குள் இருந்தபடி, “கரியை முதலே போட்டிருக்கலாமே” என்றார். கரி முதலில் பிடிக்காது என்று நேற்றும் சொன்னேன்.

சுவிஸில் இந்தப் பீல் நகரில் நாங்கள் இருந்த கட்டடத்தை முழுக்கத் திருத்தப்போகிறோம் என்று எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள். சோலோதுர்னில் கிடைத்த வீடு மார்ச்சில்தான் காலியாகும். நடுவில் இந்தக் குளிர்காலம். பாசலில் அக்கா சிவகலா தன் வீட்டில் ஓர் அறை ஒழித்துத் தருகிறேன் என்றாள். ஆனால் அத்தானுக்கும் இவருக்கும் கதை பேச்சில்லை. இவரோடு கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற பேயாட் குளிருக்கு ஸ்பெயினுக்குப் போய்விடுவார். அவருடைய பழைய இரும்புப் படகு கால்வாய்க் கரையில் சும்மா கட்டிக் கிடந்தது. இவர் போய்ப் படகுப் பூட்டின் திறப்பை வாங்கிக்கொண்டு வந்தார். வாங்கிய பிறகுதான் எனக்குச் சொன்னார்.

என்னைக் கேட்டால் என்ன? இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தரமாவது?

நவம்பர் 14, வியாழன்

ரிஷானி வீடியோவில் அழைத்தாள். பாசலில் படிப்பு, அங்கேயே சிநேகிதிகளோடு அறை. நாங்கள் தளபாடத்தோடு ஒரு சின்ன வாடகை வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். “வீட்டைக் காட்டுங்கோ அம்மா” என்றாள். போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். யாருக்கும் சொல்லக்கூடாது என்பது இவருடைய கட்டளை. பிள்ளைக்கும் கூடவா?

ஜன்னல்களில் தண்ணீர் வழிகிறது. திறந்தால் குளிர், மூடினால் ஈரம். என் கைப்பையின் அடியில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு மூதாட்டிக்குச் சட்டை மாற்றும்போது அவர் என் கையை முகர்ந்து பார்த்து, தன் தகப்பன் வீட்டுக் கரி மணம் என்றார். சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டேன்.

நவம்பர் 22, வெள்ளி

முழங்கால் அளவு பனி. படகுக் கூரையில் கிடந்ததைத் தும்புத்தடித் துடைப்பத்தால் தள்ளித் தள்ளி இவருக்கு இடுப்பு நாரி பிடித்துவிட்டது.

பேயாட் ஸ்பெயினிலிருந்து அழைத்தார். அடுப்பைப் பற்றி விசாரித்தார். கூரையில் இருக்கிற காற்றுத் துவாரத்தை எந்தக் குளிரிலும் அடைக்கவேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார். இவர் “யா, யா” என்றார். போனை வைத்துவிட்டுப் பழைய துவாயைச் சுருட்டி அந்தத் துவாரத்துக்குள் திணித்தார். கட்டிலுக்கு நேரே மேலே அது. அதால் வருகிற காற்று ஊசி மாதிரி என்பது உண்மைதான்.

நான் எடுத்தேன். இவர் திரும்ப வைத்தார்.

டிசம்பர் 1, ஞாயிறு

இன்று நல்ல நாள். எழுதி வைக்கவேண்டும்.

வெளியில் வெயில். அடுப்பு காலையிலிருந்தே ஒழுங்காக எரிந்தது. மேல் தட்டில் சட்டியை வைத்து மீன் குழம்பு காய்ச்சினேன், கரியில் அது மெல்ல மெல்ல வற்றி, வீட்டு மின்னடுப்பில் ஒருநாளும் வராத பதத்துக்கு வந்தது. இவர் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். பிறகு என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, குதிக்கால் வெடிப்புக்கு எண்ணெய் பூசிவிட்டார். அவருடைய விரல்கள் ஊசி முனை அளவு பற்சக்கரங்களைப் பிடித்துப் பழகியவை. வலிக்காமல் தொடத் தெரியும்.

அக்கா வீட்டுக்கே போயிருக்கலாமே என்று அப்போதுதான் மெதுவாகக் கேட்டேன். கோபிக்கவில்லை. எண்ணெய்ப் போத்தலை மூடியபடி சொன்னார்: “பதினாலு வயசில, சண்டைக்குள்ள துவங்கினது. ஆரோ ஒருத்தற்ற வீட்டு விறாந்தை, கோயில், பள்ளிக்கூடம். இன்னொருத்தற்ற வீட்டில பாய் விரிக்க என்னால ஏலாது பிரபா. இடம்பெயர்ந்தது போதும்.”

நான் எழும்பி அடுப்புக்கு இன்னும் இரண்டு கரிக்கட்டி வைத்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

மூன்று நாளாக மூடுபனி. அக்கரை தெரியவில்லை. ஓர் இலை அசையவில்லை. மலைக்கு மேலே போனால் வெயிலாம், கீழே நாங்கள் மூடிய சட்டிக்குள் இருக்கிறோம். அடுப்பும் இழுக்கவில்லை. புகை குழாயால் ஏறாமல் கூரையிலேயே படுத்துக் கிடக்கிறது.

தலையிடி. பனடோல் மாத்திரை போட்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

தலையிடி. இவருக்கும்.

டிசம்பர் 15, ஞாயிறு

காலையில் எழும்பிய உடனே வாந்தி எடுத்தேன். இவரும் எடுத்தார். நேற்றைய கோழியில்தான் பிழை என்றார். கோழியை நான் தொடவே இல்லை.

ஒன்று கவனித்தேன். வேலைக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் தலையிடி விட்டுவிடுகிறது. படகுக்கு வந்தால் மறுபடி. வியாழன் முழுக்க இல்லத்தில் நின்றேன், ஒன்றுமே இல்லை. நேற்றும் இன்றும் லீவு, தலை பிளக்கிறது. இவர் இரவில் கரி அணையக்கூடாது என்று அடுப்பின் கீழ்க் கதவை இறுக்கி மூடுகிறார். கரி புகைந்து புகைந்து கிடக்கிறது. மேலே துவாய்.

நாளைக்குக் கார்பன் மோனொக்சைட் நச்சுவாயுவுக்குக் கத்துகிற அலாரம் ஒன்று வாங்கவேண்டும்.

டிசம்பர் 16, திங்கள்

வாங்கினேன். உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. கட்டிலடிச் சுவரில் ஒட்டினேன்.

டிசம்பர் 18, புதன்

விடியப்புறம் அது கத்தத் தொடங்கியது. அப்படி ஒரு சத்தம். எழும்பினால் கால் என்னுடையது மாதிரி இல்லை. ஜன்னலைத் திறந்தேன், கதவைத் திறந்தேன், துவாயைப் பிடுங்கிக் கால்வாய்க்குள் எறிந்தேன். பனிக்காற்று உள்ளே வந்து எல்லாச் சூட்டையும் அள்ளிக்கொண்டு போனது. இவர் நடுங்கியபடி எழும்பி வந்து, பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி, பற்றரியை எடுத்துப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார்.

சைனா சாமான், ஈரத்துக்கும் கத்தும் என்றார். தொழிற்சாலையில் இத்தனை வருடம் சக்கரங்களைப் பதப்படுத்தும் சூளைக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு நெருப்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டாம் என்றார். விறைத்துச் சாகச் சொல்கிறாயா என்றார். பிறகு என்னென்னவோ. நானும் என்னென்னவோ. எழுத வெட்கமாக இருக்கிறது. கடைசியில் நான் சொன்னேன்: “பற்றரியைத் தாங்கோ. இல்லையெண்டா நான் அக்காட்டப் போறன்.”

“போம்” என்றார்.

முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

டிசம்பர் 19, வியாழன்

பாசல். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலில் புதுவிரிப்புப் போட்டுத் தந்தாள். அத்தான் மட்டும், “அவனையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம்” என்றார். அவருக்குத் தெரியுமா, அதை அவர் நேரே இவரை அழைத்துச் சொல்லியிருக்கவேண்டும் என்று?

சூடான வீட்டில் நித்திரை வரவில்லை.

டிசம்பர் 21, சனி

ரிஷானிக்கு எல்லாம் சொன்னேன். அழுதாள், பிறகு கோபித்தாள். இவ்வளவு நாளும் பக்கத்தில் இருந்துகொண்டு என்னை ஏமாற்றினீர்களா என்றாள். தகப்பனுக்குப் போன் பண்ணினாள். அவளோடு நல்லாகத்தான் கதைத்தார். நத்தார்ப் பண்டிகைக்குத் தொழிற்சாலை பூட்டு, செவ்வாய் வாறன் என்று சொன்னாராம். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன் என்றாராம். என்னைப் பற்றிக் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை. அவளாகவே, “அம்மாவின்ர தலையிடி எப்படி எண்டு கேட்டவர்” என்றாள்.

டிசம்பர் 23, திங்கள்

போன் எடுக்கவில்லை. காலை, மத்தியானம், பின்னேரம். கோபம் என்றால் போனை அணைத்துவிடுவார். இது மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

நாளை முதல் ரயிலில் போகிறோம்.

டிசம்பர் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரி நடைபாதையில் இருந்து எழுதுகிறேன்.

மூடுபனி. கரையால் நடந்து போகும்போதே படகின் புகைக்குழாயைத் தேடினேன். புகை இல்லை. கதவு உள்ளால் பூட்டு. ஜன்னல் எல்லாம் மூடி, உள்ளே தண்ணீர் வழிந்து ஒன்றும் தெரியவில்லை. ரிஷானி அம்புலன்சுக்கு, 144க்கு அழைத்தாள். நான் கரையில் கிடந்த, படகிழுக்கும் கொக்கித் தடியால் கண்ணாடியை அடித்தேன். முதல் அடியில் உடையவில்லை. இரும்பு மாதிரி. பிறகு உடைந்தது. ரிஷானி உள்ளே ஏறப் பார்த்தாள், நான் அவளுடைய ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தேன். ஏறினால் நீயும் விழுவாய், நில், நில் என்று கத்தினேன். அவள் என்னை அடித்தாள். “அப்பா உள்ளுக்க கிடக்கிறார், விடுங்கோ” என்று அடித்தாள். நான் விடவில்லை.

மற்ற ஜன்னலையும் உடைத்தேன். காற்றுப் போகட்டும், காற்றுப் போகட்டும். அவர்கள் வரும்வரை நான் அவளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். கதவைத் திறக்க வந்திருக்கிறார். கை பூட்டுக்குக் கிட்ட. முகம் வெளுக்கவில்லை. நல்ல சிவப்பாக, உழுது களைத்து வந்தவர் மாதிரி.

உயிர் இருக்கிறது. கரி தானாக அணைந்ததால் தப்பினார் என்றார்கள். மூடுபனி என்று அம்புலன்சிலேயே ஜெனீவாவுக்கு ஏற்றினார்கள், அழுத்தத்தோடு ஒக்சிசன் கொடுக்கிற அறை அங்கேதான். நாங்கள் ரயிலில் பின்னால் வந்தோம். பெட்டி முழுக்கப் பரிசுப் பொதிகளோடு ஆட்கள்.

கூரைத் துவாரத்தில் அவருடைய வேலைச் சட்டை அடைத்திருந்தது என்று தீயணைப்புக்காரர் ஒருவர் சொன்னார். ரிஷானிக்குச் சொன்ன மாதிரி ஜன்னல் திறந்திருக்கவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

கண் திறந்தார்.

2025 ஜனவரி 5, ஞாயிறு

அக்கா வீட்டில் இருக்கிறோம், இரண்டு பேரும். தெளிவாகக் கதைக்கிறார். அத்தான் வாசலில் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். இவர் மறுக்கவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம், “அந்தப் புகை நஞ்செண்டு எனக்கு விளங்கேல்ல எண்டு நினைக்காதையும். விளங்கினது. திரும்ப ஓரிடத்தை விட்டு எழும்பிப் போக மனம் வரேல்ல” என்றார்.

அவருடைய தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். இனி எல்லாம் சரி என்று நினைத்தேன். வைத்தியர்களும் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள்.

ஜனவரி 22, புதன்

தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருக்கிறார். ஏன் என்றால் சிரிக்கிறார்.

ஜனவரி 27, திங்கள்

கால் இழுபடுகிறது. குளியலறைக்குப் போகும் வழியில் அப்படியே நின்றுவிட்டார். சேர்ட்டுப் பொத்தான் பூட்டத் தெரியவில்லை. இவருக்கு. இந்த விரல்களுக்கு.

மறுபடி ஆஸ்பத்திரி. சிலருக்கு நல்லாகி வந்து சில வாரத்துக்குப் பிறகுதான் மூளையில் இப்படிக் காட்டுமாம். பழைய நிலை திரும்பி வருமா என்று கேட்டேன். பலருக்கு ஒரு வருடத்துக்குள் நிறையத் திரும்பும், சிலருக்கு இல்லை என்றார் அந்த டொக்டர் பெட்டை. ரிஷானியின் வயதை விடக் கொஞ்சம் கூட இருக்கும். அவளுக்கே கண் கலங்கிவிட்டது. நான்தான் அவளுக்கு நன்றி சொல்லி ஆற்றினேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

அன்றைக்குப் பற்றரியை இவருடைய பொக்கற்றிலிருந்து பறித்திருந்தால்? போகாமல் நின்றிருந்தால்? நின்றிருந்தால் ரிஷானி இரண்டு பேரின் உடலையும் எடுத்திருப்பாள். இதை ஒவ்வொரு நாளும் எனக்கே சொல்கிறேன். கொஞ்ச நேரத்துக்கு அந்தக் கேள்வி நிற்கிறது.

மார்ச் 29, சனி

சோலோதுர்ன் வீட்டுக்கு வந்தோம். அத்தானும் ரிஷானியும் சாமான் ஏற்றினார்கள். இவரை ஒரு கதிரையில் இருத்தினோம். இருத்திய கதிரையிலேயே பின்னேரம் வரை இருந்தார்.

ரிஷானி போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, “அண்டைக்கு நீங்கள் என்னை விடாமப் பிடிச்சது சரி அம்மா” என்றாள். மூன்று மாதமாக இதைத்தான் சொல்ல முடியாமல் திரிந்திருக்கிறாள்.

மே 11, ஞாயிறு

நடை கொஞ்சம் பரவாயில்லை. கரண்டி பிடிக்கிறார். பொத்தான் மெல்ல மெல்லப் பூட்டுகிறார். பயிற்சி கொடுக்க வரும் பெண் சந்தோஷப்படுகிறாள்.

இப்போது எல்லாவற்றையும் என்னைக் கேட்கிறார். ஜன்னல் திறக்கட்டோ, தண்ணி குடிக்கட்டோ, படுக்கட்டோ. நான் ஓம் என்று சொல்லாமல் கையை வைக்கமாட்டார். பக்கத்து அறையில் வேலையாக இருந்து எனக்குக் கேட்கவில்லை என்றால், தண்ணீர்க் கிளாசைப் பார்த்தபடி அப்படியே காத்திருக்கிறார். ஒருக்கால் கோபிக்கட்டும் என்று வேண்டுமென்றே குழம்பில் உப்புப் போடாமல் வைத்தேன். முழுவதையும் சாப்பிட்டார்.

மத்தியானம் குளித்துவிட்டு வந்து பார்த்தால், சப்பாத்துப் போட்டு, ஜாக்கெட்டைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு கதவடியில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

“போகட்டோ?” என்றார்.

“எங்க போகப்போறியள்?”

குனிந்து சப்பாத்தைப் பார்த்தார்.

“நீர் சொல்லும்” என்றார்.

ஈரத் தலையோடு நானும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டேன். ஆற்றுப் பக்கம் போகவில்லை. ரயில் ஸ்ரேசனடிக் கடை வரை நடந்து, பாண் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தோம். வழி முழுக்க என் கையைப் பிடித்திருந்தார்.