பாறை சாய்ந்த பக்கம்

மார்ச் 3

அன்று அந்த மலைச்சரிவில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேலே கடப்பாறையோடு என் கொழுந்தன். கீழே, சாலைக்காக வெட்டிய அடியில், மேஸ்திரியான என் வீட்டுக்காரர். பாறையில் துளை போடுகிறவர். லாரி ஓட்டுநர். வாளி சுமந்த நான். முப்பத்தோரு வருஷமாயிற்று. யார் காலில் என்ன செருப்பு என்றுகூடச் சொல்வேன்.

இப்போது அந்தச் சாலையை அகலப்படுத்துகிறார்களாம். எங்கே வெட்டலாம் என்று பாறையைப் பார்த்துச் சொல்ல என் பேத்தியையே அனுப்பியிருக்கிறார்கள். அதற்கென்று ஒரு படிப்பு. கையில் சுத்தியல்.

"அந்த இடத்தைத் தொடாதே" என்றேன்.

"தொடாம எப்படிப் பாட்டி பாக்குறது?"

மார்ச் 4

உட்கார முடியவில்லை. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

மார்ச் 6

முழங்கால் வரை சேற்றோடு வந்தாள். "சின்னத் தாத்தாவக் கேட்டா எல்லாம் சொல்வாரு" என்றாள்.

என் கொழுந்தன் பேச்சு இந்த வீட்டில் கூடாது. மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறான். எதிரே வந்தால் நான் அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன்.

ஏன் என்று கேட்டாள். சொன்னேன். பாறையை நெம்பும் முன் மேல் விரிசலில் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். தண்ணீர் உள்ளே போய்விட்டால் பாறை மலைப்பக்கம் சாய்ந்திருக்கிறது, பயமில்லை. கீழே கசிந்தால் நம்மேல் சாய்ந்திருக்கிறது. அடியை மேலும் தொடாமல் உச்சியிலிருந்து ஒவ்வொரு அடுக்காக இறக்க வேண்டும். அன்று நான் சுமந்து போன தண்ணீரை அவன்தான் ஊற்றினான். கீழே வரவில்லை. பிறகு கடப்பாறையைக் கண்ட இடத்தில் போட்டு நெம்பினான். பாறை பலகை பலகையாகச் சரிந்து கீழே நின்ற என் வீட்டுக்காரரை மூடிற்று. கொலைகாரா என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவன் மறுக்கவில்லை.

மார்ச் 7

கட்டில் விரிப்பை இரண்டு பக்கமும் பிடித்து நடுவுக்குத் தள்ளினாள். புடைத்துக்கொண்டு மடிப்பு எழுந்தது.

"கடலடியில படுக்கையாக் கெடந்த சேறு பாட்டி. கல்லாச்சு. ரெண்டு பக்கமும் நிலம் நெருக்குனதுல இப்படி மடிஞ்சு எழும்பிடுச்சு. அதுதான் மலை."

"கல்லு மடியுமாடி? அடிச்சா உடையும்."

"அடிச்சா உடையும். ஆழத்துல, சூட்டுல, லட்சக்கணக்கான வருஷம் மெதுவா நெருக்கினா மடியும்."

"என் மாமியார் பதினெட்டு வருஷம் நெருக்கினா. நான் மடியல."

"அது கல்லு பாட்டி. நீ இரும்பு."

மடிப்பின் உச்சி மழையிலும் காற்றிலும் கரைந்து போய்விட்டதாம். ஆனாலும் மிச்சமிருக்கும் இரண்டு சரிவையும் அளந்து, இல்லாத உச்சியைக் கையால் காற்றில் வளைத்துக் காட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்க வெட்டின எடத்துல அடுக்கெல்லாம் ரோட்டப் பாத்துதான் சாயுது. அடிய வெட்டினதும் மேல உள்ளதுக்குப் பிடிமானம் போச்சு. சின்னத் தாத்தா கடப்பாறைய எங்க போட்டிருந்தாலும் வந்திருக்கும்."

"மேல ஊத்தின தண்ணி?"

"கீழதான் வரணும். வேற வழி கிடையாது."

மார்ச் 8

என் வாளி சிந்தவில்லை.

மார்ச் 9

எழுதித்தான் ஆக வேண்டும். அன்று காலி வாளியோடு கீழே இறங்கி வந்தேன். இவர் காலடியில் ஈரம். இடது செருப்பு நனைந்திருந்தது. மேலே போகும்போது என் வாளிதான் சிந்தியிருக்கும், திட்டப் போகிறார் என்று பயந்தேன். திட்டவில்லை. காலால் மண்ணைத் தள்ளி ஈரத்தை மூடினார்.

மேலிருந்து கொழுந்தன், "அண்ணே, தண்ணி வந்துச்சா?" என்றான்.

"வரலடா. நீ நெம்பு."

தண்ணீர் வந்தது என்றால் உச்சியிலிருந்து இறக்க வேண்டும், இன்னும் இருபது நாள் வேலை. அதுதானா? அதற்காகவா? சொந்தத் தம்பியிடமே? அடப்பாவி மனுஷா, நீயும்தானே கீழ நின்ன?

மார்ச் 11

போனேன். கதவைத் திறந்தவன் கிழவனாகியிருந்தான். "வாங்க அண்ணி" என்றான், நேற்றுப் பார்த்தவன் மாதிரி.

நின்றபடியே ஈரத்தைச் சொன்னேன், செருப்பைச் சொன்னேன். தன் உள்ளங்கையைப் பார்த்துச் சொன்னான்.

"தண்ணி வரலன்னு அண்ணன் சொன்னாரு. அப்ப கடப்பாறைய எங்கேயோ நான்தான் தப்பாப் போட்டுட்டேன்னு இருந்தேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டான். உட்கார்ந்தேன். பேத்தி வேறு இடத்தில் வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டாளாம். அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாளை போய்க் கேட்பேன்.

நான் மன்னிக்கப் போவதில்லை என்று வைத்திருக்கும் ஆள் இனி ஒருவர்தான். என் வீட்டுக்காரர்.