உங்கள் படையலில் வைத்த போத்தல்

அண்ணை,

இன்று காலமை உங்கள் மகள் தன் பிள்ளையை என் மடியில் கிடத்தி, தொடை இடுக்கில் சிவந்திருந்த இடத்துக்குப் பூச ஒரு வெள்ளைக் களிம்பைத் திறந்தாள். மூடியைத் திருகினதுதான் தாமதம், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதே மணம். ஆஸ்பத்திரியில் உங்கள் விலாவில் விட்டிருந்த குழாயைச் சுற்றிப் பூசின களிம்பின் மணம்.

"என்ன மாமி, முகம் மாறிப்போச்சு?" என்று கேட்டாள். லண்டனில் நேர்ஸ் வேலை பார்க்கிறவள், லீவில் வந்திருக்கிறாள். சொன்னேன். சொல்லச் சொல்லக் கோபமும் கூட வந்துவிட்டது. அது இன்னும் இறங்கவில்லை. இறங்க முதல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பாண் வாங்கச் சனம் கடைவாசலில் வரிசையில் நின்ற பஞ்சகாலம் அது. வள்ளத்தால் இறங்கினதும், மீனைக் கூறு போடக்கூட நில்லாமல், வலையைச் சுருட்டி வயிற்றில் அணைத்துக்கொண்டு மணலில் குந்திவிடுவீர்கள். சாப்பிட்டால் வயிற்று நோ. அந்த நோ முதுகுக்குள்ளால் போகும். "ஆரோ உள்ளுக்கை துறப்பணம் போடுறான் பிள்ளை" என்பீர்கள். கடைசியில் கணையத்தில் கல்லு என்று கண்டுபிடித்தார்கள். அப்படி ஒரு உறுப்பு இருக்கிறதென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வார்ட்டில் ஒரு இளம் டொக்டர் உங்களைப் பாராமல் என்னைக் கேட்டார்: "எவ்வளவு காலமாக் குடிக்கிறார்?"

"குடிக்கிறேல்லை."

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை, அம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் படுத்தபடி சிரித்தீர்கள். "விடு பிள்ளை. அவர் படிச்சதைக் கேக்கிறார்."

கரையில் எல்லாரும் கள்ளுக் குடிக்க, நீங்கள் ஒதுங்கிப் போய்க் கருப்பணி கேட்டு வாங்கினவர். சுண்ணாம்பு தடவின முட்டியில் இறக்கிய, புளிக்காத பதநீர். அதைப் பனையோலைப் பிளாவில் வாங்கி, மாங்காய்த் துண்டைக் கடித்துக் கடித்துக் குடிப்பீர்கள். "பால்குடி" என்று பகிடி பண்ணுவார்கள். கள்ளும் அதே பிளாவில்தான் வரும். தூரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, குடிகாரன் என்று சொல்ல, உங்கள் கையில் பிளா இருந்ததே போதும்.

பெரிய டொக்டர் கல்லெல்லாம் எடுத்து, கணையத்தைக் குடலோடு வைத்துத் தைத்தார். நீங்கள் எழும்பி இருந்து, "நோ போயிட்டுது பிள்ளை" என்றீர்கள். நாங்கள் வீட்டுக்குப் போகும் கதை கதைத்துக்கொண்டிருந்தோம். பிறகுதான் தையல் விட்டுக் கசியத் தொடங்கியது. குழாயால் பச்சைத் தண்ணீர் போலத் தெளிவாக வந்தது. பட்ட இடத்துத் தோல் நெருப்புப் பட்டதுபோல் உரிந்தது. "அது சோத்தைக் கரைக்கிற நீர். வெளியிலை வந்தால் ஆளையும் கரைக்கும்" என்றார் பெரிய டொக்டர். அது வற்றும்வரை வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார். நான் நேரே கேட்டேன்: "ஐயா, உது குடியாலை வந்ததோ?"

"குடிக்காத சனத்துக்கும் உந்தக் கல்லு வருகுது, அம்மா. ஏனெண்டு எங்களுக்கே வடிவாத் தெரியாது."

உங்கள் மனைவி, மச்சாளும் பக்கத்தில் நின்றா. அந்த ஒரு சொல்லை நான் பருத்தித்துறை பஸ்ஸில் ஏறி ஊர்வரை கொண்டு வந்தேன். ஆர் வாங்கினவை?

அப்பாவின் அக்கா, பெரியமாமி, தூக்குச்சட்டியில் மீன் போட்ட சரக்குத் தண்ணி கொண்டு வந்தா. மல்லி, மிளகு, உள்ளி எல்லாம் அரைத்தது. புண் ஆற எங்கடை ஆட்கள் கொடுக்கிறதுதான். "வாய் நனைக்கவும் விடாமல் பட்டினி போட்டால் புண் எப்பிடி ஆறும்?" என்று, நேர்ஸ் அந்தப் பக்கம் திரும்ப, உங்கள் வாயில் வைத்தா. நான் தடுத்தேன். நீங்கள் குடித்தீர்கள். "மாமிக்கு மனம் நோகும்" என்றீர்கள். அன்று குழாயால் இன்னும் கூடுதலாக வந்தது. அதனால்தான் எல்லாம் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை; பெரிய டொக்டரும் சொல்லவில்லை. உள்ளே சீழ் கட்டியது, காய்ச்சல் விடவில்லை. திரும்பவும் திறந்தார்கள். இரத்தம் போனது நிற்கவில்லை.

நீங்கள் போய் எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, உங்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தோம். பாரைக் குழம்பு, கணவாய்க் கறி, ஒடியல் பிட்டு. நான் அடுப்படியால் வெளியே வர, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரு சாராயப் போத்தல். பெரியமாமி வைத்தது.

"ஆர் குடிக்க உது?" என்று கேட்டேன்.

"அவனுக்குத்தான். செத்தவனுக்கு என்னடி வெக்கம்? ஆசைப்பட்டதைக் குடுத்தனுப்பு."

முற்றம் நிறையச் சனம். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. போத்தலைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றுக் கட்டில் அடித்தேன். என் கையெல்லாம் சாராயம். "குடிக்காதவைக்கும் வருமெண்டு டொக்டர் சொன்னவர்!" என்று கத்தினேன். "அஞ்சாம் வகுப்போடை நிண்டவள் டொக்டருக்குப் படிப்பிக்கிறாள்" என்று ஒரு குரல். சிரித்தார்கள், அண்ணை. உங்கள் படையலுக்கு முன்னால் நின்று சிரித்தார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு உங்கள் மகள் சொன்னாள்: "லண்டனிலை இப்ப செத்தவையின்ரை கணையத்தை எடுத்துச் நீரிழிவுக்காரருக்கு வைச்சுப் பாக்கினம், மாமி. அங்கையும் உந்தக் கசிவுதான் பெரிய பிரச்சினை. கணையத்திலை போட்ட தையல் லேசிலை நிக்காது. அப்பாவுக்கு வந்த கல்லும் குடியாலைதான் வரவேணுமெண்டில்லை."

மத்தியானம் பிள்ளை பார்க்கப் பெரியமாமி பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தா. உங்கள் மகள் அவவுக்கும் அதையே சொன்னாள்.

"ஓமோ பிள்ளை? லண்டனிலை படிச்சனீ, நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும். பாவம், அவன்ரை வாய் ஒரு சொட்டுக் கண்டதோ!"

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "மாமி, உதை நான் அண்டைக்கே எட்டுச் செலவு முத்தத்திலை நிண்டு சொன்னனான்."

"நீ எங்கை சொன்னனீ? நீ போத்தலை உடைச்சனீ."

"ரெண்டும் செய்தனான்!"

உங்கள் மகள் பிள்ளையை அணைத்தபடி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. கடல் தாண்டி வந்தால்தான் ஒரு சொல் உண்மையாகுமோ? என் வாயால் வந்தபோது அதற்கு என்ன குறை?

வருகிற கிழமை உங்கள் திவசம். ஒவ்வொரு வருஷமும் போத்தல் இருந்த அதே இடத்தில் ஒரு பிளாவில் கருப்பணி வைத்து வருகிறேன். இந்த முறை பெரியமாமியிடம் சொன்னேன்: "எல்லாரும் வருவினம். நீங்களும் வந்து, உங்கடை கையாலை அந்தப் பிளாவை வையுங்கோ."

பொல்லின் நுனியால் நிலத்தில் ஒரு கோடு கீறினா. பிறகு "வாறன்" என்றா. வருவாவோ தெரியாது.

களிம்பின் மணம் சவர்க்காரம் போட்டுக் கழுவப் போய்விட்டது. கிணற்றடியில் என் கையில் பட்ட சாராய மணந்தான் இன்னும் போகவில்லை, அண்ணை. அவ வந்து அந்தப் பிளாவை வைக்கட்டும். அதற்குப் பிறகு கழுவிப் பார்க்கிறேன்.