ஒன் அல்ல, ஓவர்

முல்லைத்தீவு, 12 மார்ச் 1957, இரவு

ஒரு பொய்யின் இலக்கணத்தைத் திருத்துகிறவள் அந்தப் பொய்க்குத் துணை போகிறாளா? எனக்குத் தெரியவில்லை.

மாலையில் என் வீட்டில் மாணவிகள் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது தலைமையாசிரியருக்குப் பொறுக்கவில்லை. இன்று எல்லா ஆசிரியர்கள் முன்னிலையிலும் கத்தினார்.

"அந்த வகுப்பை நிப்பாட்டுங்கோ ரீச்சர்! பள்ளிக்கூடம் விட்டாப் பிறகும் ஐ ஹாவ் ஜூரிஸ்டிக்ஷன் ஒன் தெம்!"

"ஒன் இல்லை சேர், ஓவர்" என்று அவருடைய ஆங்கிலத்தைத் திருத்தினேன்.

யாரோ சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. எனக்கு அது இனித்தது. பள்ளி வாசலுக்கு வெளியே அவருக்கு மாணவிகள் மேல் அந்த அதிகாரமே கிடையாது என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அதைச் சொல்லவில்லை.

புதன்.

காலைக் கூட்டத்தில் மாணவிகள் முன் அதே வசனத்தைப் பிழையில்லாமல் சொன்னார். மாலையில் ஒருத்தியும் வரவில்லை.