நானூறு மீட்டர் வட்டம்

ஜூன் 9, திங்கள்

தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த மாதம் 14ஆம் தேதியிலிருந்து இங்கே பேருந்து நிற்காதாம். நானூறு மீட்டருக்குள் கடைவீதி நிறுத்தம் இருப்பதுதான் காரணமாம். கூடவே ஒரு வரைபடம்: கடைவீதி நிறுத்தத்தைச் சுற்றி ஒரு வட்டம், அதற்குள் எங்கள் தெரு. நடுவில் ரயில் பாதை போகிறதே, இரண்டு பக்கமும் மதில் இருக்கிறதே! வட்டம் போட்டவருக்கு இறக்கை இருக்கும்போல.

அத்தை தன் சக்கர நாற்காலியை நிறுத்தி, தாளை இரண்டு முறை படித்தார். பல் மருத்துவமனையில் வரவேற்பாளர் வேலை, இரண்டு வருடம் தேடிக் கிடைத்தது. அந்த வேலை இங்கே வரும் காலை ஏழு நாற்பது பேருந்தை நம்பித்தான் இருக்கிறது.

"விடு. வீட்டுல உக்காந்து உனக்குக் கணக்குச் சொல்லித் தர்றேன். நீதான் பாவம்" என்று சிரித்தார். அது சிரிப்பே இல்லை.

ஜூன் 10

அப்பா போக்குவரத்து அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். ஆட்சேபம் இருந்தால் 24ஆம் தேதி கூட்டத்தில் சொல்லலாமாம்.

"அவங்க வரைபடத்தோட வருவாங்க. நாம வெறும் வாயோட போனா எடுபடாது" என்றார்.

சரி, நாமும் வரைபடத்தோடு போவோம்.

ஜூன் 12

திறந்தமூல வரைபட மென்பொருள் ஒன்றைக் கணினியில் இறக்கிவிட்டேன். யாரோ எங்கெங்கோ இருந்துகொண்டு எழுதி, எல்லோருக்கும் சும்மா கொடுத்திருக்கிறார்கள். அதில் வரும் உலக வரைபடத்தையும் யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம். வழிகாட்டி நூல் முந்நூறு பக்கம். சாப்பிடும்போது படித்ததற்கு அம்மாவிடம் திட்டு.

ஜூன் 14, சனி

காலை முழுக்க நோட்டோடு நடந்தேன். மதில், ரயில்வே கேட், மேடு, நடைபாதை — எல்லாவற்றையும் வரைபடத்தில் சேர்த்தாயிற்று. மதிலில் பையன்கள் நுழைந்து போகிற ஓர் உடைப்பு இருக்கிறது. அதையும் நடைவழி என்று போட்டேன். எதிர்ப்பக்கத்து மதிலும் அதே இடத்தில் உடைந்திருக்கிறது. ஒன்றையும் விடவில்லை என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஜூன் 15

போச்சு. எல்லாம் போச்சு.

எங்கள் வீட்டிலிருந்து கடைவீதி நிறுத்தத்துக்கு நடைதூரம் எவ்வளவு என்று மென்பொருளைக் கேட்டேன். முந்நூற்று நாற்பது மீட்டராம்! நான் வரைந்த உடைப்பு வழியாகவே நேராகக் கொண்டுபோய் விடுகிறது. அவர்கள் சொன்னதை நானே நிரூபித்துக் கொடுத்துவிட்டேன். ஏன்டி அதப் போட்டே? யாரு கேட்டா?

அழித்துவிட்டேன். இப்போது கேட்டைச் சுற்றித்தான் வழி.

ஜூன் 16

உடைப்பு திரும்ப வந்துவிட்டது! எங்கள் பகுதி வரைபடத்தில் நடக்கும் மாற்றங்களைப் பார்த்துச் சரிசெய்யும் தன்னார்வலர் ஒருவர் செய்த வேலை. புனைபெயர் நத்தை.

"மதில் உடைப்ப அடைச்சுட்டாங்களா?" என்று கேட்டு எழுதியிருந்தார்.

"இல்ல" என்றேன்.

"அப்ப ஏன் அழிச்சீங்க?"

அத்தை கதை முழுவதும் சொன்னேன். பதில்: "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நீங்க மறுபடி அழிச்சா நான் மறுபடி போடுவேன்."

பெயருக்கேற்ற மந்தம் என்று திட்டிக்கொண்டே படுத்தேன். தூக்கம் வரவில்லை. அவர்கள் மதிலை விட்டுவிட்டு வட்டம் போட்டார்கள். நான் உடைப்பை விட்டுவிட்டு வழி போட்டேன். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஜூன் 17

அத்தையின் மேசையில் ராஜினாமாக் கடிதம். தேதி மட்டும் போடவில்லை.

ஜூன் 19

மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருக்கிறது. என்னென்ன மாற்றினார்கள் என்ற பட்டியலை யாரும் படிக்கமாட்டார்கள், நான் படித்தேன். பதினேழாவது வரி — இனிமேல் சக்கர நாற்காலிக்கும் தூரம் கணக்கிடலாம், வழியின் அகலத்தைப் பார்த்தே கணக்கிடும்! இதுவரை அதற்குக் கால்கள் மட்டும்தான் தெரியும்.

அளவு நாடாவோடு ஓடினேன். உடைப்பின் அகலம் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். பிறகு வீட்டுக்கு வந்து நாற்காலியை அளந்தேன்.

"எதுக்குடி என்னை அளக்கறே? சவப்பெட்டி செய்யச் சொல்லிட்டாங்களா?"

"அசையாதீங்க அத்தை!"

அறுபத்து மூன்று.

உடைப்பு அப்படியே இருக்கட்டும் என்று அகலத்தை மட்டும் எழுதி, மறுபடி கேட்டேன். ஒரு கிலோமீட்டர் தொள்ளாயிரத்து முப்பது மீட்டர்! நான் கத்திய கத்தலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள், ஷாக் அடித்துவிட்டதென்று.

ஜூன் 24, செவ்வாய்

போக்குவரத்து அலுவலகக் கூட்டம். என் முறை வந்ததும் எழுந்து பேசினேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அதிகாரி என் இரண்டு படங்களையும் பார்த்தார். ஒன்று காலுக்கு, ஒன்று சக்கரத்துக்கு.

"இந்த உடைப்ப நீயேதான் போட்டியா? உனக்கே பாதகமாச்சேம்மா?"

"அங்க இருக்கே சார்."

அத்தை நாற்காலியை முன்னால் நகர்த்தினார். "அந்த வழியா நான் போகணும்னா, இத வெளிய விட்டுட்டுத் தவழணும். ரயில் வர்ற நேரம் மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க, சார்."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி பக்கத்திலிருந்த இளம் பெண் பொறியாளரிடம் அந்த மென்பொருளின் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அந்த அக்காவோ ஏற்கெனவே அதை மடிக்கணினியில் இறக்கிக்கொண்டிருந்தார்! பிறகு அதிகாரி மெதுவாகக் கேட்டார்: "இதோட எடுக்கறதா இருக்கற மத்த முப்பத்தொரு நிறுத்தத்துக்கும் வட்டம்தானே போட்டோம்?"

அக்கா, "ஆமா சார்" என்றார், தலை நிமிராமலே.

ஜூலை 3

வந்துவிட்டது கடிதம்! எங்கள் நிறுத்தம் இருக்கும். மற்ற முப்பத்தொன்றுக்கும் நடைதூரமும் சக்கரதூரமும் பார்த்துத்தான் இனி முடிவு. அப்பா அதை மூன்று முறை சத்தமாகப் படித்தார், மூன்றாவது முறை மாடிவீட்டுக்காரருக்குக் கேட்கவேண்டும் என்றே. அன்று கத்திய கதையை நத்தைக்கு அன்றே சொல்லியிருந்தேன்; இதையும் எழுதினேன். "இந்தத் தடவையும் கத்தினீங்களா?" என்று மட்டும் கேட்டிருந்தார். கத்தினேன்.

ஜூலை 14, திங்கள்

எழுந்தபோது மணி எட்டு. அத்தையின் அறை காலி. விடிகாலையில் மழை பெய்திருக்கிறது. பள்ளிக்குக் கிளம்பும்போது பார்த்தேன்: தெருவோரச் சேற்றில் இரண்டு சக்கரக் கோடுகள், எங்கள் வாசலில் தொடங்கி, வளையாமல் நேராகப் போய், நிறுத்தத்தில் முடிந்திருந்தன.