ஜெயராஜ் ஊன்றிய கால்

10.3.1991, பிரிக்பீல்ட்ஸ்

இன்று கிள்ளானில் சைக்கிள் ட்ரயல்ஸ் போட்டி. லோரி டயர், செம்பனை மரக்கட்டை எல்லாவற்றின் மேலும் சைக்கிளோடு தாவி ஏற வேண்டும். கால் தரையில் பட்டால் ஒரு புள்ளி தண்டனை. மூன்றாவது தடத்துக்கு நான் நடுவர். என்னைக் கட்டிக்கப்போகிற ஜெயராஜ் அதில் கால் ஊன்றினார், விரலைத் தூக்கினேன். அந்த ஒரு புள்ளியில் அவருக்குக் கோப்பை போச்சு.

ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது அவர், "ஜூன்ல கல்யாணம் பண்ணிக்கப் போறவளே இப்படிப் பண்ணா எப்படி லா?" என்றார்.

எப்படியாம்? கால் ஊன்றினது நானா?

11.3.1991

இன்னும் ஆறவில்லை. ஸ்பெயினில் சின்னப் பிள்ளைகளை மோட்டார் சைக்கிளுக்குப் பழக்க ஆரம்பித்த விளையாட்டு, இப்போது உலகப் போட்டியே நடக்குது என்று பத்திரிகையைக் காட்டி என் உயிரை எடுத்தது யார்? இவர்தான். இங்கே யாருக்கும் விதி தெரியாது, டைப் பண்ணிக் கொடு என்றதும் இவர்தான். ஆபீஸ் மெஷினில் அடித்தேன். பி.எம்.எக்ஸ் சைக்கிளில் சீட்டைக் கழற்றிவிட்டுக் குதிக்கிறவர்களுக்குத் தமிழில் விளக்கினேன். மாப்பிள்ளைக்குச் சலுகை என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

14.3.1991

அவருடைய அம்மா நல்லம்மாள் வந்தார். பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு வீம்பு ஆகாதாம். அப்பா என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். எதுக்கு? கண் தெரிஞ்சதுக்கா?

15.3.1991

கேட்கவில்லை.

24.3.1991

அடுத்த போட்டியில் நான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், சைக்கிள் கிளப்பில் சொல்லிவிட்டார்கள். என் நடுவர் இடத்தில் ஜெயராஜின் சித்தப்பா மகன். நல்லா இருக்குது நியாயம்! பொட்டலத்தை அவங்களே கட்டிக்கட்டும்.

7.4.1991

பத்துமலைப் பக்கம் போட்டி. நான் போகவில்லை. சாயங்காலம் ஜெயராஜ் கோப்பையோடு வந்தார். அப்பாவுக்கு முகமெல்லாம் பல். ஒரு தடவைகூடக் கால் ஊன்றவில்லையாம். தேத்தண்ணி கொடுத்தேன். கிளம்பும்போது வாசலில் வைத்து, உண்மையில் எத்தனை என்று கேட்டேன்.

சிரித்தான். "ரெண்டு. மூணாகூட இருக்கும். தம்பி கண்டுக்கல. அவன் நல்ல பையன், உன்ன மாதிரி இல்ல."

கொஞ்சம் கூச்சப்பட்டிருந்தால்கூட — இல்லை, சிரித்தான். காலம் பூரா இந்தச் சிரிப்புக்கு நான் தலையாட்டணுமா?

8.4.1991

வேலை விட்டு வரும்போது தையல்கார அக்கா வீட்டுக்குப் போனேன். கல்யாண ரவிக்கைத் துணியை இன்னும் வெட்டவில்லையாம். நல்லதாகப் போயிற்று என்று திருப்பி வாங்கிக்கொண்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் சாப்பிடட்டும்.